புதுப்பித்தது வட்டில், ஓடியது நினைவகத்தில்: டர்பனில் ஒரு லினக்ஸ் சர்வரின் நிகழ்வு ஆய்வு

2024 நவம்பர் கடைசி வாரத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இயங்கும் ஒரு தமிழர் நலச் சங்கத்துக்குத் தணிக்கைப் படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி: "உறுப்பினர் விவரங்கள் உள்ள கணினியில் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் அனைத்தும் செய்யப்பட்டுள்ளனவா?" சங்கத்தின் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கல்லூரி மாணவர் 'ஆம்' என்று எழுதி, ஆதாரமாக, மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கும் ஆப்ட் கட்டளை தந்த பதிலை அச்செடுத்து இணைத்திருந்தார். புதுப்பிக்க வேண்டிய மென்பொருள் தொகுப்புகள் 0 என்றது அந்தத் தாள். கையெழுத்துப் போட வேண்டிய பொருளாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. விளங்காத தாளில் கையெழுத்திடும் வழக்கம் அவருக்கு இல்லை. "தம்பி பொய் சொல்ல மாட்டான். ஆனால் இந்தத் தாள் எதற்குச் சாட்சி என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டு அதை என்னிடம் அனுப்பினார்.

அருமையான கேள்வி. அந்தத் தாள் சாட்சி சொன்னது வட்டில் இருக்கும் கோப்புகளுக்கு மட்டும். அந்த நேரத்தில் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்த மென்பொருளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே எட்டு மாத இடைவெளி விழுந்திருந்தது. அது எப்படி விழுந்தது, எப்படி யார் கண்ணிலும் படாமல் போனது, எப்படி அடைத்தோம் என்பதுதான் இந்த ஆய்வு.

சர்வரும் அதில் இருப்பவையும்

சங்க அலுவலகத்தின் பின்னறையில் ஒரே ஒரு சர்வர் இருக்கிறது. இயங்குதளம் லினக்ஸின் ஒரு வகையான டெபியன் 12. ஈமச்சடங்கு நிதியின் உறுப்பினர் பதிவு, திருமண மண்டப முன்பதிவு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் மாணவர் பட்டியல், சிறிய நூலகத்தின் புத்தகப் பட்டியல் ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. கடைசி மூன்றும் ஒரு நாள் நின்றாலும் சமாளித்துவிடலாம். ஈமச்சடங்கு நிதி அப்படி அல்ல. ஒரு வீட்டில் இழவு விழுந்தால் இரவு எந்நேரமும் தொலைபேசி ஒலிக்கும். அந்தக் குடும்பத்தின் பதிவைப் பார்த்து உடனே பணம் கொடுத்தாக வேண்டும்.

அந்தப் பதிவில் ஒவ்வொருவரின் 13 இலக்கத் தேசிய அடையாள எண்ணும் இருக்கிறது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அந்த எண்ணோடு பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் திருடனுக்கு வேறு என்ன வேண்டும்? தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மக்கள் போப்பியா என்று சொல்கிறார்கள். 2021 ஜூலை 1 முதல் எல்லா நிறுவனங்களும் அதைக் கடைப்பிடித்தாக வேண்டும். அதன் 19ஆம் பிரிவு, பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்வதோடு நிற்காமல், அவை உண்மையில் செயல்படுகின்றனவா என்று தவறாமல் சரிபார்க்கவும் சொல்கிறது. 'செய்தாயிற்று' என்னும் பதில் அந்தப் பிரிவுக்குப் போதாது.

கெர்னல் சொன்ன தேதி

முதலில் சர்வர் எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது என்று பார்த்தேன். 240 நாட்களுக்கு மேல் என்றது அப்டைம் கட்டளை. பலர் இந்த எண்ணைப் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது முதல் எச்சரிக்கையாகத்தான் படுகிறது. அத்தனை நாள் அணையாத லினக்ஸ் இயந்திரத்தில், ஓடும்போதே திருத்தும் வசதி இல்லாவிட்டால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் அத்தனை நாள் பழையதாகவே ஓடும்.

அப்படியேதான் இருந்தது. எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று காட்டும் யூநேம் கட்டளையில் அதன் பெயர் 6.1.0-18 என்று வந்தது. அதே கட்டளையை வேறு தெரிவோடு கொடுத்துத் தொகுப்பின் பதிப்பைக் கேட்டால் 6.1.76-1, 2024 பிப்ரவரி 1 என்ற விவரம் கிடைத்தது. தொடக்கக் கோப்புகள் இருக்கும் பூட் அடைவிலோ நவம்பரில் வந்த புதிய கெர்னல் உட்கார்ந்திருந்தது. இடையில் வந்த கெர்னல்கள் ஒவ்வொன்றும் ஒழுங்காக இறங்கி, ஒழுங்காக நிறுவப்பட்டு, அடுத்தது வந்ததும் ஒழுங்காக நீக்கப்பட்டும் போயிருந்தன. ஒன்றுகூட ஒரு நொடியும் ஓடவில்லை. தானியங்கிப் புதுப்பிப்பு, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை மட்டும் நீக்காமல் விட்டுவைக்கும். அதனால்தான் பிப்ரவரிக் கெர்னல் நவம்பரிலும் பட்டியலில் மிஞ்சியிருந்தது.

இந்த இரண்டு விவரங்களில் தொகுப்பின் பதிப்பையே நம்ப வேண்டும் என்பது என் கருத்து. கெர்னலின் பெயரில் உள்ள கடைசி எண் எல்லாத் திருத்தத்துக்கும் மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயர் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது மாறியிருக்கலாம்.

மறுதொடக்கம் தேவை என்று அந்த சர்வர் சொல்லாமலும் இல்லை. தானியங்கிப் புதுப்பிப்புத் தொகுப்பு, புதிய கெர்னல் இறங்கும்போதெல்லாம் ரன் அடைவில் ஒரு சிறு அடையாளக் கோப்பை வைக்கும். அது மாதக்கணக்காக அங்கே இருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை, எந்த மின்னஞ்சலும் அதைச் சொல்லவும் இல்லை. தானாக மறுதொடங்கும் வசதி அந்தத் தொகுப்பில் உண்டு. ஆனால் நாமாக அமைப்புக் கோப்பில் இயக்காதவரை அது அணைந்தே இருக்கும்.

கோப்பு மாறினாலும் செயல்முறை மாறாதது ஏன்

கெர்னலுக்கு மறுதொடக்கம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். கூடுதலாக ஏமாற்றுவது, பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரலகங்கள்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெபியனில் ஒரு தொகுப்பு மேம்படும்போது, பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. புதிய கோப்பு தற்காலிகப் பெயரில் பக்கத்திலேயே எழுதப்படும். பிறகு ஒரே வீச்சில் பழைய பெயர் அதற்குச் சூட்டப்படும். பெயர் கைமாறிவிடும். ஆனால் பழைய கோப்பின் உள்ளடக்கத்தை எந்தச் செயல்முறையாவது, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலாவது, நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருந்தால், கெர்னல் அந்த உள்ளடக்கத்தை அழிக்காது. கடைசிப் பிடி விடுபடும்வரை அது பெயரில்லாமல் வட்டிலேயே இருக்கும். வாசலில் பெயர்ப்பலகை மாறிவிட்டது, உள்ளே குடியிருப்பவர் பழைய ஆள்தான். இந்த ஏற்பாடு இருப்பதால்தான் ஓடுகிற சேவை நடுவில் செத்து விழாமல் மென்பொருளைப் புதுப்பிக்க முடிகிறது. லினக்ஸின் மிக நல்ல பண்புகளில் ஒன்று இது. அதே பண்பால், திருத்தப்பட்ட குறையும் திருத்தப்படாமலே ஓடிக்கொண்டிருக்கும்.

இதன் சாட்சி ப்ராக் அடைவில் இருக்கிறது. ஒவ்வொரு செயல்முறைக்கும் அங்கே அதன் எண்ணில் ஒரு அடைவு உண்டு. அதனுள் இருக்கும் மேப்ஸ் என்ற கோப்பு, அந்தச் செயல்முறை எந்தெந்தக் கோப்புகளை நினைவகத்தில் வைத்திருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். பெயர் போன கோப்பாக இருந்தால் வரியின் முடிவில் 'நீக்கப்பட்டது' என்ற குறிப்பு ஆங்கிலத்தில் நிற்கும். எல்எஸ்ஓஎஃப் கருவி இதே செய்தியைச் சர்வர் முழுவதுக்கும் திரட்டித் தரும். ஆனால் வருகிற எல்லா வரிகளையும் பார்த்துப் பதறக் கூடாது. தற்காலிக நினைவகக் கோப்புகளும் பகிர்வு நினைவகத் துண்டுகளும் இயல்பாகவே 'நீக்கப்பட்டது' என்றுதான் தெரியும். நாம் தேட வேண்டியவை நிரலகங்களும் நிரல்களும் இருக்கும் யூஎஸ்ஆர் அடைவின் பாதைகளைக் கொண்ட வரிகள்.

வேலையாட்கள் புதியவர்கள், தலைமைச் செயல்முறை பழையது

இந்த இடத்தில் மாணவர் ஒரு நியாயமான மறுப்பைச் சொன்னார். "அண்ணா, கெர்னல் பழையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெப் சர்வர் புதியதுதான். போன வாரம் சான்றிதழ் புதுப்பிக்கும்போது அதுவும் மறுபடி தொடங்கியிருக்கிறது. பாருங்கள்." செயல்முறைப் பட்டியலைத் திரையில் காட்டினார். உண்மைதான், வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் வேலையாள் செயல்முறைகள் நான்கும் சில நாட்களுக்கு முன்புதான் பிறந்திருந்தன.

அதே பட்டியலில் இன்னும் ஒரு வரி மேலே போகச் சொன்னேன். அந்த நான்கையும் பெற்ற தலைமைச் செயல்முறை மார்ச் மாதத்தில் தொடங்கியது. பிறகு வேலையாள் ஒன்றின் மேப்ஸ் கோப்பைத் திறந்தோம். குறியாக்கத்துக்கான லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ, ஏறக்குறைய எல்லா நிரல்களுக்கும் அடிப்படையான ஜிலிப்சி என்று மூன்று நிரலகங்களின் வரிகளிலும் 'நீக்கப்பட்டது' என்று இருந்தது.

காரணம் இதுதான். செர்ட்பாட் என்ற கருவி தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பித்த பிறகு என்ஜின்எக்ஸை மறுதொடங்கவில்லை. அமைப்பை மறுவாசிப்பு செய்யுமாறு மட்டுமே சொன்னது. மறுவாசிப்பின்போது தலைமைச் செயல்முறை அப்படியே இருந்தபடி, தன்னை நகலெடுத்துப் புதிய வேலையாட்களை உண்டாக்குகிறது. நகல் என்பதால் தாயின் நினைவகத்தில் இருந்த பழைய நிரலகங்களே பிள்ளைகளுக்கும் போகின்றன. பிறந்த நேரம் நேற்றாக இருந்தாலும் உள்ளிருப்பது மார்ச் மாதச் சரக்கு. என்ஜின்எக்ஸிடம் நிறுத்தாமலே புதிய நிரலுக்கு மாறும் வழி தனியாக உண்டு. அதற்கு வேறு சமிக்ஞை கொடுக்க வேண்டும். சாதாரண மறுவாசிப்பு அந்த வேலையைச் செய்யாது.

இதையே எல்லாச் சேவைக்கும் விதியாக்கிவிடவும் முடியாது. பிஎச்பி நிரல்களை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் மறுவாசிப்பின்போது தன் நிரலை வட்டிலிருந்து மீண்டும் ஏற்றிக்கொள்கிறது. ஒரே கட்டளைதான், இரு சேவைகளும் அதை இரு விதமாகப் புரிந்துகொள்கின்றன. அதனால் தொடங்கிய நேரத்தைப் பார்த்து முடிவுக்கு வருவதை விட்டு, மேப்ஸ் கோப்பைப் பாருங்கள் என்று அந்த மாணவரிடம் சொன்னேன்.

எது மறுதொடங்கியது, எது தொடங்கவில்லை

ஒவ்வொரு சேவையாகப் பார்த்தபோது ஒரு ஒழுங்கு புலப்பட்டது. ஒரு சேவையின் சொந்தத் தொகுப்பு மேம்படும்போது, டெபியன் பெரும்பாலும் அந்தச் சேவையை மறுதொடங்கிவிடுகிறது. 2024 ஜூலை 1 அன்று வேறு கணினியிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் சேவையில், கடவுச்சொல்லே இல்லாமல் தொலைவிலிருந்து ரூட் என்ற முழு அதிகாரம் பெறக்கூடிய சிவிஇ-2024-6387 என்ற குறைபாடு வெளியானது. இந்தச் சர்வரில் அதன் திருத்தம் இறங்கியதும் எஸ்எஸ்எச் சேவை தானாகவே புதியதாகியிருந்தது. தரவுத்தளமான மரியாடிபியும் ஆண்டின் நடுவே தன் தொகுப்பு மேம்பட்டபோது ஒருமுறை மறுதொடங்கியிருந்தது.

ஆனால் பல சேவைகள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரலகம் மாறும்போது, அதை நம்பியிருக்கும் சேவைகளைத் தட்டி எழுப்ப யாரும் இல்லை. செப்டம்பரில், லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ இரண்டும் அடங்கிய ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தது. என்ஜின்எக்ஸ், மரியாடிபி இரண்டுமே அதைத் தொடவில்லை. 2014 ஏப்ரல் 7 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் என்ற குறைபாடு வெளியான நாட்களை நினைத்துப் பாருங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1ஜி பதிப்பை நிறுவிவிட்டு வெப் சர்வரை மறுதொடங்காத இடங்களில் நினைவகக் கசிவு நிற்கவில்லை. பத்து ஆண்டுகளாகியும் இந்தப் பாடம் நமக்கு இன்னும் பழக்கமாகவில்லை என்பது என் வருத்தம்.

ஜிலிப்சி விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2024 ஏப்ரலில் வெளியான சிவிஇ-2024-2961 என்ற குறைபாடு, சீன எழுத்துக்குறியீடு ஒன்றை மாற்றித் தரும் பகுதியில் இருந்தது. பிஎச்பி வழியாக அதைப் பயன்படுத்திச் சர்வரைக் கைப்பற்ற முடியும் என்று அடுத்த மாதமே செய்து காட்டினார்கள். அந்தப் பகுதி ஜிலிப்சியின் மையக் கோப்பில் இல்லை. தேவைப்படும்போது மட்டும் திறக்கப்படும் தனித் துணைக்கோப்பில் இருக்கிறது. ஆகவே பழைய ஜிலிப்சியைப் பிடித்திருக்கும் செயல்முறைகூட, அந்தத் துணைக்கோப்பை ஏற்கெனவே திறந்திராவிட்டால், திருத்தத்துக்குப் பின் புதிய துணைக்கோப்பைத்தான் திறக்கும். இங்கே நல்வினை நம் பக்கம் இருந்தது. அதை நம்பிக் காலம் தள்ள முடியாது. பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு செயல்முறை ஓடுவது நல்ல நிலையும் அல்ல.

மீதி இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உறுப்பினர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பைத்தான் நிரல் ஒன்று டிமக்ஸ் என்ற முனைய அமர்வுக்குள் கையால் தொடங்கப்பட்டிருந்தது. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே எந்தக் கருவியாலும் அதை மறுதொடங்க முடியாது. நூலகப் பட்டியல் டாக்கர் கொள்கலனில், அதாவது தனக்கு வேண்டியதையெல்லாம் சேர்த்து அடைத்த தனிப் பெட்டியில், ஓடியது. கொள்கலனுக்குள் இருப்பவை, அதை உருவாக்கும் அச்சான படிமத்தின் சொந்த நிரலகங்கள். வெளியே ஆப்ட் என்ன செய்தாலும் உள்ளே எட்டாது. வாரந்தோறும் புதிய படிமத்தை இறக்கும்படி ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். இறக்கிய படிமத்தைக் கொண்டு கொள்கலனைத் திரும்ப உருவாக்கும் அடுத்த கட்டளை மட்டும் இல்லை. வட்டில் புதிய படிமங்கள் குவிந்திருந்தன, ஓடியது பழையது. கெர்னலில் பார்த்த அதே கதை.

முன்பு ஏன் இந்தச் சிக்கல் இல்லை

மாணவருக்கு மிகவும் புதிராக இருந்தது இதுதான். 2023இலும் இதே சர்வர், இதே அமைப்பு. ஆனால் அந்த ஆண்டின் பதிவுகளைத் திறந்தால், கெர்னல் ஒவ்வொன்றும் வந்த சில நாட்களிலேயே ஓடத் தொடங்கியிருக்கிறது. அப்போது கவனித்துக்கொண்டவர் யார்?

மின்வெட்டு. இங்கே எல்லாரும் லோட் ஷெடிங் என்று சொல்லும் சுழற்சி மின்வெட்டு, 2023இல் இந்நாடு அதுவரை காணாத அளவுக்கு நீண்டது. சங்கத்தின் யூபிஎஸ் சிறிது நேரம்தான் தாங்கும். முறைவெட்டு அதைவிட நீளம். பேட்டரி குறைந்ததும் நட் என்ற மென்பொருள் சர்வரை ஒழுங்காக அணைத்துவிடும். மின்சாரம் திரும்பியதும் சர்வர் தானாக எழும். எழும்போது புதிய கெர்னலும் புதிய நிரலகங்களும் வந்துவிடும். வாரத்தில் பலமுறை நடந்த இந்த மறுதொடக்கங்களை யாரும் திட்டமிடவில்லை. பராமரிப்பு அட்டவணையில் இருக்க வேண்டிய ஒரு வேலையை மின்வெட்டு செய்துகொண்டிருந்தது.

2024 மார்ச் 26 அன்று லோட் ஷெடிங் நிறுத்திவைக்கப்பட்டது. அதன்பின் பத்து மாதங்களுக்கு அது திரும்பவில்லை. ஊரே மகிழ்ந்தது, மகிழாமல் என்ன செய்யும்? இடையிடையே உள்ளூர்ப் பழுதால் மின்சாரம் போனபோது அந்தக் குறுகிய நேரத்தை யூபிஎஸ் தாங்கிக்கொண்டது. இந்தச் சர்வர் கடைசியாக எழுந்தது அந்த மார்ச் மாதக் கடைசி மின்வெட்டுக்குப் பிறகு. பிப்ரவரிக் கெர்னல் நவம்பர்வரை ஓடியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆகவே நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் மூலக் காரணம் என்ற இடத்தில் 'மறுதொடக்கம் செய்யப்படவில்லை' என்று எழுதவில்லை. அது விளைவு. மறுதொடக்கம் யாருடைய பொறுப்பு என்று ஒருநாளும் வகுக்கப்படவே இல்லை என்பதுதான் காரணம். அந்த மாணவர் மீது குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலைப் பட்டியலில் அது இருந்ததே இல்லை. தென்னாப்பிரிக்காவில் சிறிய அலுவலகங்களில் சர்வர் வைத்திருக்கும் எல்லாரும், தங்கள் இயந்திரம் கடைசியாக எப்போது எழுந்தது என்று இந்தக் கோணத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். லித்தியம் பேட்டரியோடு இன்வெர்ட்டர் மாட்டியவர்கள் முதலில் பார்க்க வேண்டும். அவர்களுடைய சர்வர் எந்த மின்வெட்டுக்கும் அசைந்திருக்காது.

மறுதொடக்கத்துக்கு முன்

எட்டு மாதம் அணையாத இயந்திரத்தை அணைப்பது சின்ன விஷயம் அல்ல. இடையில் கையால் செய்து, கோப்பில் எழுதாமல் விட்ட மாற்றங்கள் எத்தனை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வாரந்தோறும் அணைந்து எழுந்த காலத்தில் அப்படி ஒன்று இருந்தால் அந்த வாரமே தெரிந்துவிடும். இப்போது எல்லாம் சேர்ந்து ஒரே இரவில் வெளிப்படும்.

அதனால் ஓடிக்கொண்டிருக்கும் தீச்சுவர் விதிகளையும் அமைப்புக் கோப்பில் எழுதியிருப்பவற்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டோம். ஒரு விதி கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது: மண்டப அலுவலகத்துக் கணினி முன்பதிவுத் தளத்தை அடைவதற்கான வழி. யாரோ அவசரத்துக்குக் கையால் சேர்த்திருக்கிறார்கள், கோப்பில் எழுதவில்லை. அப்படியே அணைத்திருந்தால் மறுநாள் காலை மண்டபத்தில் முன்பதிவு நின்றிருக்கும். கோப்பில் சேர்த்தோம். ஏற்றப்பட்டிருந்த வட்டுப்பகுதிகளையும் இதே முறையில் ஒப்பிட்டோம். அங்கே வேறுபாடு இல்லை. தொடக்க நிரலான கிரப் எந்தக் கெர்னலை முதலில் எடுக்கும் என்பதையும் பார்த்தோம். பழைய கெர்னலில் நிற்குமாறு முன்பு யாராவது கட்டிவைத்திருந்தால், மறுதொடக்கம் செய்தும் பயன் இருக்காது. காப்புப்பிரதியிலிருந்து ஒரு குடும்பத்தின் பதிவை மட்டும் வேறு இயந்திரத்தில் மீட்டுப் பார்த்தோம்.

டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை இரவு அணைத்தோம். பொருளாளர் அம்மா உறுப்பினர் பட்டியலை அச்செடுத்துத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் ஒரு குடும்பத்திலிருந்து அழைப்பு வந்தாலும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. சர்வர் எழுந்தது. யூநேம் நிறுவப்பட்டவற்றில் புதிய கெர்னலின் பதிப்பையே காட்டியது. எல்எஸ்ஓஎஃப்பில் யூஎஸ்ஆர் பாதையில் நீக்கப்பட்ட கோப்பு ஒன்றுகூட இல்லை. செயலிக்குள் ஓடும் மைக்ரோகோடு என்ற உள்நிரலின் எண்ணும் மாறியிருந்தது. அதுவும் தொடக்கத்தின்போதுதான் ஏறும்.

மாற்றிய ஏற்பாடுகள்

நீட்ரீஸ்டார்ட் என்ற கருவியை நிறுவினோம். ஆப்ட் ஒவ்வொரு முறை வேலை முடித்ததும், பழைய நிரலகங்களைப் பிடித்திருக்கும் சேவைகள் எவை என்று இது தேடும். என்ஜின்எக்ஸையும் பிஎச்பியையும் தானாக மறுதொடங்க அனுமதித்தோம். மரியாடிபியைப் பட்டியலில் காட்டினால் போதும், நேரம் பார்த்து நாமே செய்வோம் என்று விட்டோம். இந்தக் கருவியிலேயே, சர்வரில் கணக்கு உள்ள சாதாரணப் பயனர் ரூட் அதிகாரம் பெறக்கூடிய குறைபாடுகள் நவம்பர் 19 அன்றுதான் வெளியாகியிருந்தன. 2014 ஏப்ரலில் வந்த 0.8 பதிப்பிலிருந்தே அவை இருந்திருக்கின்றன. டெபியன் அன்றே திருத்தம் தந்தது. திருத்திய பதிப்புத்தான் நிறுவப்பட்டது என்பதை உறுதிசெய்துகொண்டோம். காவல் கருவியையும் மற்ற மென்பொருளைப் போலவே கண்காணிக்க வேண்டும்.

குறுஞ்செய்தி நிரல் இப்போது சிஸ்டம்டி சேவை. கொள்கலனுக்குப் படிமம் இறங்கியதும் கொள்கலனைத் திரும்ப உருவாக்கும் கட்டளையும் சேர்ந்து ஓடுகிறது.

தானாக மறுதொடங்கும் வசதியை இயக்கலாமா என்று நெடுநேரம் பேசினோம். மாணவர் இயக்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். இந்தச் சர்வருக்குத் தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் வசதி கிடையாது. விடியற்காலை இரண்டு மணிக்குத் தானாக அணைந்து எழாமல் போனால், காலையில் ஒருவர் நேரில் வந்து திரையை மாட்டிப் பார்க்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. ஆகவே மாதத்தின் முதல் செவ்வாய் இரவு, ஒருவர் அறையில் இருக்க, மறுதொடக்கம். அவசரத் திருத்தம் வந்தால் செவ்வாய்வரை காத்திருப்பதில்லை. விழா நெருங்கினால் தேதியை முன்னே நகர்த்தலாம், தள்ளிப்போடக் கூடாது. 2025 தைப்பூசம் பிப்ரவரி 11 அன்று வந்தது. காவடி எடுப்போர் பதிவு செய்யும் நாட்களோடு மோதாமல், பிப்ரவரி மாதத்து மறுதொடக்கத்தை ஜனவரிக் கடைசி வாரத்துக்கே கொண்டுவந்தார்கள்.

தணிக்கைப் படிவத்துக்கான தாளும் மாறியது. அதில் இப்போது ஓடும் கெர்னலின் தொகுப்புப் பதிப்பும் நிறுவப்பட்டவற்றில் புதியதன் பதிப்பும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நீக்கப்பட்ட நிரலகத்தைப் பிடித்திருக்கும் செயல்முறைகளின் பெயர்களும், ஓடும் கொள்கலனின் படிம அடையாளமும் வட்டில் உள்ள படிமத்தின் அடையாளமும் அடுத்தடுத்து வருகின்றன. நீட்ரீஸ்டார்ட் கெர்னல் நிலையை ஓர் எண்ணாகத் தரும். 1 என்றால் நிலுவை இல்லை. 1 அல்லாத எண் வந்தால் மாணவருக்கும் பொருளாளருக்கும் மின்னஞ்சல் போகும். பொருளாளருக்கும் போக வேண்டும் என்று கேட்டது அவரேதான்.

ஜனவரி 31 அன்று லோட் ஷெடிங் திரும்பியது. அந்த வார இறுதியில் சங்கக் கட்டடத்தின் முறையும் வந்தது. சர்வர் அணைந்து எழுந்த பின் எடுத்த தாளும், அதற்கு முதல் நாள் எடுத்த தாளும் ஒன்றாகவே இருந்தன. மின்வெட்டு மாற்றுவதற்கு அங்கே எதுவும் பாக்கி இல்லை.

முடியாமல் நிற்பது ஒன்று. மண்டபத்தின் கண்காணிப்புக் கேமராப் பதிவுப்பெட்டிக்குள் ஓடுவதும் லினக்ஸ்தான். அதன் உள்ளே நுழைந்து மேப்ஸ் கோப்பைப் பார்க்க வழியில்லை. அதற்கு வரும் மென்பொருளை எந்தத் தேதியில் தயாரித்தார்கள் என்று விற்றவர்களாலும் சொல்ல முடியவில்லை. அந்தப் பெட்டியைத் தனி வலைப்பின்னலுக்கு மாற்றி, இணையத்துக்குப் போகும் வழியையும் உறுப்பினர் சர்வருக்குப் போகும் வழியையும் அடைத்திருக்கிறோம். புதிய பெட்டி வாங்கும் செலவை அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதுவரை படிவத்தில் அந்தப் பெட்டிக்கு எதிரே 'உறுதிசெய்ய இயலவில்லை' என்று எழுதி, பொருளாளர் கையெழுத்திட்டிருக்கிறார்.